பல்லுல கடிச்ச வெள்ளைத் துணி

பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப் பேராலயத்துக்குள்ள நின்னுக்கிட்டே போன்ல ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். கொஞ்சம் சாஞ்ச போட்டோ, ஜன்னல் வெளிச்சம் பட்டு ஒரு ஓரம் வெளுத்துப்போனது. 400 வருஷத்துக்கு முன்னாடி அந்த ஊர் ஓவியர் ரூபன்ஸ் வரைஞ்ச 'சிலுவையிலிருந்து இறக்குதல்'. நான் அந்தப் படத்துக்கு முன்னாடி முக்கா மணி நேரமாவது நின்னிருப்பேன், ஆண்டவரோட முகம், மாதா கை நீட்டுறது, மகதலேனா தோள்ல அவரோட பாதம் படுறதுன்னு ஒவ்வொண்ணா பாத்து எல்லாத்தையும் பாத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷத்துல அப்பாகிட்ட இருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு.

"மேல இருக்கிறவன் துணிய பல்லுல கடிச்சிருக்கான், பாத்தியாப்பா? ரெண்டு கையும் வேலையா இருந்தா பல்லுதான் மூணாவது கை."

நான் பாக்கவே இல்ல. நிமிந்து பாத்தா ஆமா, சிலுவையோட குறுக்குக் கட்டை மேல வயித்த அழுத்தி கவுந்து தொங்குற மாதிரி இருக்கிற ஒரு வேலையாள், வெள்ளைத் துணியோட மேல் முனைய பல்லால கவ்விக்கிட்டிருக்கார். அப்பா முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸ்ல லோடுமேனா இருந்தவர். லோடு மேல ஏறி தார்ப்பாய் போடும்போது கயித்த பல்லுல கடிச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் பாயை இழுத்து விடுவார், சின்ன வயசுல எத்தனையோ தடவ பாத்திருக்கேன். முன்பல்லு ஒண்ணு அதுலதான் பாதி உடைஞ்சுது. அவர் கண்ணுக்கு முதல்ல பட்டது அந்தப் பல்லு.

அன்னிக்குல இருந்து நான் அந்தப் படத்தப் பாக்கிற விதம் மாறிடுச்சு. எங்க கோயில்ல தவக்கால வெள்ளிக்கிழமைங்கள்ல சிலுவைப்பாதை போகும்போது பதிமூணாம் நிலை இதுதான், முட்டி போட்டு எந்திரிச்சு அடுத்த நிலைக்குப் போயிடுவோம். ஆனா ஒரு வளந்த ஆம்பளையோட உயிரில்லாத உடம்ப அவ்வளவு உசரத்துல இருந்து கீழ இறக்குறதுன்னா அது என்ன வேலை, எத்தனை பேர் வேணும், யார் எங்க பிடிக்கணும்னு நான் ஒரு தடவ கூட யோசிச்சதில்ல. ரூபன்ஸ் யோசிச்சிருக்கார். ஆண்டவரத் தவிர 8 பேர் அந்தப் படத்துல. மேல ரெண்டு வேலையாட்கள், ஏணியில ஒரு பக்கம் அரிமத்தியா சூசை, இன்னொரு பக்கம் நிக்கொதேமு, கீழ ஏணியில ஒரு கால வச்சு முதுக பின்னால சாய்ச்சு முழு பாரத்தையும் நெஞ்சுல வாங்குற சிவப்புத் துணி போட்ட சீடர் அருளப்பர், மாதா, ரெண்டு மரியாக்கள். எல்லாரையும் சேத்துக் கட்டுறது மேல இருந்து கீழ சரிஞ்சு வர்ற அந்த வெள்ளைத் துணி. அந்தத் துணிதான் படத்தோட வெளிச்சமே. வானம் இருட்டு, சுத்தி இருட்டு, துணியும் அதுமேல வழுக்கி இறங்குற உடம்பும் மட்டும் அப்படியே வெளிச்சமா இருக்கு.

அந்த வெள்ளை எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் எனக்கு ஒரு வருஷமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த கேள்வி.

முதல்ல படத்தோட கதைய சுருக்கமா சொல்லிடுறேன். 1566ல ஆண்ட்வெர்ப்ல சிலை உடைப்புக் கலவரம், சுரூபம் கூடாதுன்ன புராட்டஸ்டன்ட்காரங்க கோயில்கள்ல இருந்த சுரூபம் படம் எல்லாம் நொறுக்கினாங்க. 1585ல கத்தோலிக்க ஸ்பெயின் ராஜாவோட படை ஊர மறுபடி பிடிச்சதும் காலியா கிடந்த பீடங்களுக்கெல்லாம் புதுப் படங்கள் தேவைப்பட்டுச்சு. 1609ல டச்சுக்காரங்களோட 12 வருஷப் போர்நிறுத்தம் வந்தப்போதான் அதுக்குக் காசும் நிம்மதியும் கிடைச்சுது. ரூபன்ஸ் அப்போதான் இத்தாலியில 8 வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். நகரக் காவலுக்குன்னு இருந்த துப்பாக்கிக்காரங்க சங்கம் 1611 செப்டம்பர்ல அவர்கிட்ட ஒப்பந்தம் போட்டாங்க. சங்கத் தலைவர் நிக்கோலாஸ் ரோக்கோக்ஸ், ஊரோட மேயராவும் இருந்தவர், ரூபன்ஸுக்கு நண்பர். நடுப்பலகை 1612லயும் ரெண்டு பக்கக் கதவுகள் 1614லயும் கோயிலுக்கு வந்து சேந்துச்சு. கூலி 2400 கில்டர், கூடவே ரூபன்ஸோட மனைவி இசபெல்லாவுக்கு ஒரு ஜோடி கையுறை.

அந்தச் சங்கத்தோட பாதுகாவலர் புனித கிறிஸ்தோபர், ஆண்டவர தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தக் கடந்தவர். பேருக்கே 'கிறிஸ்துவைச் சுமப்பவர்'னுதான் அர்த்தம். அதனால ரூபன்ஸ் மூணு பலகையிலயும் சுமக்கிறவங்களத்தான் வரைஞ்சார். இடது கதவுல வயித்துல பிள்ளையோட மாதா எலிசபெத்தம்மாவப் பாக்க வர்றாங்க, வலது கதவுல கிழவர் சிமியோன் குழந்தைய கையில ஏந்துறார், நடுவுல செத்த உடம்ப இறக்குறாங்க. கதவ மூடினா வெளிப்பக்கம் கிறிஸ்தோபர் ராட்சசன் மாதிரி நிக்கிறார். மூணு படமும் ஒரே விஷயம்தான், பாரம் தூக்கிறது. லோடுமேன் வீட்டுல பொறந்த எனக்கு இது புரிஞ்சப்போ கண்ணு கலங்கிடுச்சு, அத மறைக்க வேண்டிய அவசியம் இல்லன்னு நினைக்கிறேன்.

சரி, பொருளுக்கு வர்றேன். இது துணியில வரைஞ்ச படம் கிடையாது, மரப்பலகை. நடுப்பலகை மட்டும் 421 சென்டிமீட்டர் உசரம், 311 சென்டிமீட்டர் அகலம். அவ்வளவு பெரிய மரம் எதுவும் கிடையாது, பலகைங்கள ஒண்ணோட ஒண்ணு பக்கவாட்டுல ஒட்டித்தான் செய்யணும். அந்தக் காலத்துல ஆண்ட்வெர்ப்ல ஓவியத்துக்கு வாங்கின நல்ல ஓக் பெரும்பாலும் பால்டிக் கடல் பக்கத்துக் காடுகள்ல இருந்து வந்துச்சு, வெட்டின மரத்த ஆத்துல மிதக்கவிட்டு டான்சிக் (இப்போ போலந்துல இருக்கிற கடான்ஸ்க்) துறைமுகத்துக்குக் கொண்டு வந்து கப்பல்ல ஏத்துவாங்க. குளிர்ல மெதுவா வளர்ற மரம்கிறதால வளையங்கள் ரொம்ப நெருக்கமா, ஒரே சீரா இருக்கும். நடுத்தண்டுல இருந்து பட்டைய நோக்கி பிளந்து எடுத்த பலகைதான் வளையாது, அப்படிப் பிளந்தா ஒரு மரத்துல நிறைய வீணாகும், ஆனாலும் அப்படித்தான் செஞ்சாங்க. வைரம் பாஞ்ச பகுதி மட்டும்தான் எடுத்துக்குவாங்க, வெளிப்பக்கம் இருக்கிற வெள்ளை மரத்துல பூச்சி ஏறும். படம் முடிஞ்சு 3 வருஷம் கழிச்சு, 1617ல, ஆண்ட்வெர்ப் பலகைத் தச்சர்களுக்கு ஒரு சட்டமே வந்துச்சு, எந்தப் பலகையையும் சங்கத்தோட ஆள் வந்து பரிசோதிச்சு, பின்னால ஊரோட முத்திரையான கோட்டையும் ரெண்டு கையும் சூடு போட்டபிறகுதான் பூச்சுக்கு அனுப்பணும், தச்சரும் தன் குறிய குத்தணும். அந்தச் சட்டத்தால சில தச்சர்களோட குறியாவது நமக்கு மிச்சம் இருக்கு. மைக்கேல் வ்ரீன்ட்னு ஒருத்தர், ரூபன்ஸுக்கு நிறைய பலகை செஞ்சு குடுத்தவர், அவரோட ரெண்டு எழுத்த அவர் செஞ்ச சில பலகைகளுக்குப் பின்னால இன்னிக்கும் பாக்கலாம். முன்னால இருக்கிற படத்துக்கு எத்தனை லட்சம் பேர் வந்தாலும் பின்னால இருக்கிற அந்தக் குறிய பாக்கிறது பழுது பாக்கிறவங்க மட்டும்தான்.

பலகை மேல நேரா வரைய முடியாது. தோல், எலும்புல இருந்து காய்ச்சின வச்சிரப் பசையில சீமைச்சுண்ணாம்பத் தூளாக்கிக் கலந்து, ஒரு பூச்சு, காஞ்சதும் இன்னொரு பூச்சு, அப்படியே பல பூச்சு பூசி சுரண்டி சுரண்டி தந்தம் மாதிரி வழவழன்னு ஆக்கணும். அதுமேல ரூபன்ஸ் பட்டறையில ஒரு பழக்கம் இருந்துச்சு, நீர்த்த சாம்பல்-பழுப்பு நிறத்த முரட்டு பிரஷ்ல வேகமா இழுத்து விடுவாங்க, கோடு கோடா தெரியும். அவரோட சின்ன எண்ணெய் ஸ்கெட்ச்சுகள்ல அந்தக் கோடு அப்படியே வெளிய தெரியுது. உடம்போட நிழல் பகுதிகள மெல்லிசா பூசும்போது அடியில இருக்கிற சாம்பல் உள்ள இருந்து எட்டிப் பாக்கும், தோலுக்கு அடியில ரத்தம் ஓடுற மாதிரி, செத்த உடம்புல ரத்தம் நின்னு போன மாதிரி அந்த நீலம் கலந்த சாம்பல் வருதுல்ல, அது தனியா கலந்த நிறமா இருக்கணும்னு அவசியம் இல்ல, மேல் பூச்சு மெல்லிசா இருக்கிறதுனாலயே வரும்.

இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. கையால செஞ்சு தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணுதான், சாயம் அரைக்கிறது. வேலைக்காக நெதர்லாந்துல இருந்த காலத்துல, பழைய ஓவியங்கள பழுது பாக்கிற ஒரு அம்மா தன்னோட பட்டறையில வார இறுதியில வகுப்பு எடுத்தாங்க, நான் போய்ச் சேந்தேன். தடிமனான கண்ணாடிப் பலகை, கையில அடிப்பாகம் தட்டையான கண்ணாடிக் குழவி. காவி மண்ணுத் தூள ஒரு குவியலா போட்டு, புட்டு மாவுல தண்ணி ஊத்தக் குழி பண்ற மாதிரி நடுவுல குழி பண்ணி, ஆளி விதை எண்ணெய் சொட்டுச் சொட்டா விட்டு கத்தியால பிசையணும். அப்புறம் குழவிய வச்சு எட்டு போடுற மாதிரி தேய்க்கணும். முதல்ல மணல் மேல நடக்கிற மாதிரி கரகரன்னு சத்தம் வரும். இருபது நிமிஷம் போனா சத்தம் குறையும், ஆனா இன்னும் முடியல, சாயம் ஓரத்துக்கு ஒதுங்கும், குழவியோட பக்கத்துல ஏறும், கத்தியால வழிச்சு நடுவுல சேத்து மறுபடி தேய்க்கணும். எங்க ஆத்தா அம்மியில மிளகா அரைக்கும்போது ஒரு கட்டத்துல சத்தமே மாறும், "இப்போ எடுக்கலாம்"னு சத்தத்த வச்சே சொல்லும், அதே மாதிரிதான் இங்கயும் காதுதான் சொல்லுது. ஒரு மணி நேரம் அரைச்சேன், தோள்பட்டையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் வலி, கடைசியில கிடைச்சது ஒரு எலுமிச்சம்பழம் அளவு சாயம். அதையும் அன்னன்னிக்கு அரைச்சாத்தான் நல்லது, மிச்சம் இருந்தா அந்தக் காலத்துல பன்னியோட மூத்திரப்பையில கட்டி வைப்பாங்க. சாயத்த உலோகக் குழாய்ல அடைச்சு விக்கிறதெல்லாம் 1841க்குப் பிறகு வந்தது. 4 மீட்டர் உசரப் பலகைக்கு எத்தனை எலுமிச்சம்பழம் வேணும்னு அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டு கணக்குப் போட்டுப் பாத்தேன், பாதியில விட்டுட்டேன். அந்தக் காலத்துப் பட்டறைகள்ல அதையெல்லாம் அரைச்சது பெரும்பாலும் பயிற்சிக்கு வந்த பையன்கள்.

வெள்ளைய மட்டும் அந்த அம்மா எங்கள அரைக்க விடல. பழைய ஓவியங்கள்ல இருக்கிற வெள்ளை ஈய வெள்ளை, விஷம். நாங்க பயன்படுத்தினது டைட்டானியம் வெள்ளை, அது 20ஆம் நூற்றாண்டு சரக்கு. ஆனா பாக்கிறதுக்காக இறுக்கி மூடின ஒரு சின்ன பாட்டில்ல ஈய வெள்ளைத் தூள கையில குடுத்தாங்க. வாங்கினதும் கை சட்டுன்னு கீழ போச்சு. உள்ளங்கை அளவு பாட்டில், அவ்வளவு கனம். வெள்ளைக்கு கனம் இருக்கும்னு எனக்குத் தோணினதே இல்ல, வெள்ளைன்னாலே பஞ்சு, பால், பனின்னுதான மனசுல வரும். அந்தப் படத்துல தோளுக்குத் தோள் கைமாத்தி இறக்குற அந்தத் துணி இதால ஆனது.

செய்யிற விதத்தக் கேளுங்க. ஈயத்த தகடா ஊத்தி சுருட்டி, அடியில வினிகர் ஊத்தின மண்பானைக்குள்ள வினிகர் படாம உக்கார வைப்பாங்க. அப்படிப் பானை பானையா அடுக்கி, சுத்தியும் குதிரைச் சாணத்தக் கொட்டி, மேல பலகை போட்டு, அதுமேல இன்னொரு அடுக்கு, இப்படியே ஒரு கொட்டகை நிறைய அடுக்கி மூடிடுவாங்க. சாணம் புளிச்சு சூடாகும், சூட்டுல வினிகர் ஆவியாகி ஈயத்தத் தின்னும், சாணத்துல இருந்து வர்ற வாயு அத வெள்ளையா மாத்தும். ஏறக்குறைய மூணு மாசம். பிரிச்சுப் பாத்தா கருப்பு ஈயம் மேல வெள்ளைச் செதில் செதிலா பூத்திருக்கும். அதத் தட்டி உதுத்து, அலசி, அரைச்சு, காயவச்சு எடுக்கணும். தட்டும்போதும் அரைக்கும்போதும் பறக்கிற தூசி மூக்கு வாய் வழியா உள்ள போகும். முகம் வெளுத்து, வயித்த முறுக்கி முறுக்கி வலி வந்து, போகப் போக மணிக்கட்டுல பலம் போய் கை தொங்கிடும். ஈயமும் வினிகரும் சேந்தா வெள்ளை வரும்னு ரோமர் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க, அது விஷம்கிறதும் அப்பவே தெரியும். தெரிஞ்சும் 2000 வருஷமா செஞ்சாங்க, ஏன்னா எண்ணெயில கலந்தா அவ்வளவு உறுதியா, அவ்வளவு சீக்கிரம் காயுற, தோல் மாதிரி பிடிச்சுக்கிற வெள்ளை வேற இல்ல. எக்ஸ்ரே கூட அத சுலபமா ஊடுருவாது, பழைய படங்கள எக்ஸ்ரே எடுத்தா ஈய வெள்ளை இருக்கிற இடமெல்லாம் வெள்ளையாத்தான் விழும்.

கை தொங்கிடும்னு படிச்ச அன்னிக்கு நான் படத்துல ஆண்டவரோட வலது கைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். மணிக்கட்டுல பலமே இல்லாம தொங்குது. ரூபன்ஸ் அத நினைச்சு வரைஞ்சார்னு நான் சொல்ல வரல. எனக்கு இனிமே அத அப்படிப் பாக்காம இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சிவப்புக்கும் ஒரு வார்த்தை. அருளப்பரோட அங்கி மாதிரி எரியிற சிவப்புக்கு அந்தக் காலத்து ஓவியர்கள் அடியில பூசினது வெர்மிலியன், மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா பூசினது பூச்சியில இருந்தோ வேர்ல இருந்தோ எடுத்த சிவப்பு. வெர்மிலியன்கிறது பாதரசமும் கந்தகமும் சேந்தது, நம்ம நாட்டு மருந்துக் கடையில சாதிலிங்கம்னு கேட்டா தெரியும். ஐரோப்பாவுல பாதரசம் வெட்டின பெரிய சுரங்கம் ஸ்பெயின்ல இருக்கிற அல்மாடேன், ஆண்ட்வெர்ப்ப ஆண்ட அதே ராஜவம்சத்தோட சொத்து. அங்க தண்டனைக் கைதிகள வேலைக்கு விட்டாங்க. 1593ல ராஜா சார்பா விசாரிக்கப் போன மாத்தேயோ அலெமான்கிற அதிகாரி கைதிகள்கிட்ட வாக்குமூலம் வாங்கினார், உலையில வேலை பாத்தவங்க கை கால் நடுங்கி புத்தி பேதலிச்சு செத்தத அவங்களே சொல்லியிருக்காங்க. நீலத்துக்கு ஆப்கானிஸ்தான் மலைக்கல்லு, மூட்டையில தரை வழியாவும் கப்பல்லயும் வந்தது. ஒரு கோயில் படத்துக்குள்ள எத்தனை ஊரு.

இனி பட்டறைக்குள்ள. 1611 மே மாசம், இந்த ஒப்பந்தத்துக்கு 4 மாசம் முன்னாடி, ரூபன்ஸ் ஒரு நண்பருக்கு எழுதின கடிதம் இருக்கு, பயிற்சிக்கு வந்து கேட்ட 100 பேருக்கு மேல இடம் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன், அதுல என் சொந்தக்காரங்களும் என் மனைவியோட சொந்தக்காரங்களும் இருந்தாங்கன்னு. அவ்வளவு கூட்டம். 1621ல ஓட்டோ ஸ்பெர்லிங்னு ஒருத்தர் அவர் வீட்டுக்குப் போனார். ரூபன்ஸ் வரைஞ்சுக்கிட்டே, ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸோட புத்தகத்த ஒருத்தர் வாசிக்கக் கேட்டுக்கிட்டே, ஒரு கடிதமும் சொல்லி எழுத வச்சுக்கிட்டிருந்தாராம். அதத்தான் எல்லாரும் வியந்து சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது அவர் அடுத்து எழுதினது, ஜன்னல் இல்லாத பெரிய கூடம், கூரையில ஒரு திறப்பு வழியா மட்டும் வெளிச்சம், அதுக்குள்ள நிறைய இளவட்டங்கள் ஆளுக்கொரு படத்துல, ரூபன்ஸ் சாக்பீஸ்ல கோடு போட்டு அங்கங்க நிறம் தொட்டு வச்சத வரைஞ்சு முடிச்சுக்கிட்டிருந்தாங்க, கடைசியில அவர் வந்து தன் கையால முடிப்பார்.

அந்தப் பசங்க யாரு? சாதாரணமா ஒவ்வொரு ஓவியரும் தன்கிட்ட சேந்த பயிற்சிப் பையனோட பேர ஓவியர்களோட லூக்கா சங்கத்துப் பதிவேட்டுல எழுதணும். ரூபன்ஸ் 1609ல அரசவை ஓவியர் ஆனார், அதனால அவருக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அவருக்குக் கிடைச்ச அந்தச் சலுகையால, அவர் வீட்டுல சாயம் அரைச்ச, அணில் முடிய பறவை இறகுத் தண்டுல கட்டி பிரஷ் செஞ்ச, துணி மடிப்பு வரைஞ்ச பையன்கள்ல பெரும்பாலானவங்க பேரு எங்கயுமே இல்லாமப் போச்சு. இது எனக்கு ரொம்ப வலிச்சுது.

ஆனா ரூபன்ஸ் மறைக்கவும் இல்ல, அதையும் சொல்லணும். 1618ல டட்லி கார்ல்டன்கிற இங்கிலீஷ் தூதருக்கு படங்கள் விக்கும்போது, எது முழுக்க என் கை, எது பையன்கள் செஞ்சு நான் திருத்தினது, எதுல கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ்கிற இன்னொரு ஓவியர் வரைஞ்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் நேரா எழுதி விலை போட்டார். சிங்கக் குகையில தானியேல், முழுக்க தன் கை, 600 கில்டர். பையன்கள் பாத்து வரைஞ்ச அப்போஸ்தலர்கள், தான் இன்னும் திருத்த வேண்டியது, படத்துக்கு 50. எங்க அப்பாவோட புக்கிங் ஆபீஸ்லயும் எந்த மூட்டைக்கு என்ன கூலின்னு சிலேட்டுல எழுதித்தான் மாட்டியிருப்பாங்க, அந்த மாதிரி நேர்மையான பட்டியல் அது.

பெரிய ஆளா ஆனப்பறம் அவர் எழுதின இன்னொரு கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1638 மார்ச், இறக்கிறதுக்கு 2 வருஷம் முன்னாடி, ஃபிளாரன்ஸ்ல இருந்த சுஸ்டர்மன்ஸ்கிற ஓவியருக்கு. பெட்டியில அடைச்சு ஒரு படம் அனுப்பியிருக்கார், புதுசா வரைஞ்ச படம் ரொம்ப நாள் பெட்டிக்குள்ள இருந்தா தோல் நிறம் கெடலாம், வெள்ளை கொஞ்சம் மஞ்சளாகலாம்னு கவலைப்படுறார். உங்களுக்குத் தெரியாததா, அப்பப்போ வெயில்ல வச்சு எடுங்க, சரியாயிடும்னு சொல்றார். ஆளி விதை எண்ணெய் இருட்டுல மஞ்சளாகும், வெளிச்சத்துல திரும்பும், அது அதோட குணம். ஊரெல்லாம் கொண்டாடின ஓவியர், ராஜாக்களுக்காகத் தூது போனவர், கடைசியில வத்தல் காயப்போடுற கவலையோட எழுதுறார்.

அந்த வகுப்புல நான் ஒரு சின்ன ஓக் பலகையில மடிச்ச கைக்குட்டை ஒண்ணு வரைஞ்சேன், அரைநாள் வேலை. அப்புறம் வீடு மாத்தும்போது துணிக்கு நடுவுல வச்சு பெட்டியில போட்டு மறந்துட்டேன். எட்டு மாசம் கழிச்சு எடுத்தா கைக்குட்டை பழைய வேட்டி மாதிரி மஞ்சளடிச்சு கிடந்துச்சு. சாயம் சரியா அரைக்கல போலன்னு நினைச்சு வருத்தப்பட்டேன், அப்போதான் இந்தக் கடிதம் ஞாபகம் வந்து ஜன்னல் திண்டுல வச்சேன். முதல் நாலஞ்சு நாள் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது வாரம் மேல் மடிப்பு முதல்ல வெளுத்துச்சு, அப்புறம் பக்கத்து மடிப்பு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் திருப்பி ஒண்ணுதான் கேட்டார், "அடியில நிழலு சரியா விழல, துணிக்கு கனமே தெரியலையேப்பா?"

சரியாத்தான் சொல்றார். போன வாரம் மறுபடி காவி மண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்.